டிரெய்லருக்கு டயர் வாங்கும்போது

நமது கிராமங்களில் பாரம் சுமக்கும் வேலை மாட்டு வண்டியிலிருந்து டிராக்டருக்கு மாறி நெடுநாள் ஆகிறது. எருக்குழியிலிருந்து தொழுவுரம் வயலுக்குப் போவதும், களத்திலிருந்து நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போவதும், ஏரியிலிருந்து வண்டல் மண் மேட்டு நிலத்துக்குப் போவதும் இன்று டிராக்டர் இழுக்கும் டிரெய்லரிலேதான். கோடையில் குடிநீர்த் தொட்டியை ஏற்றித் தெருத்தெருவாகக் கொண்டு செல்வதற்கும், குப்பையை அகற்றுவதற்கும் ஊராட்சிகள் பலவும் டிரெய்லரையே நம்பியிருக்கின்றன.

டிராக்டர் வாங்கும்போது விவசாயி பத்துப் பேரிடம் விசாரிக்கிறார். எத்தனை குதிரைத்திறன், எவ்வளவு டீசல் குடிக்கும், உதிரிப் பாகங்கள் அருகில் கிடைக்குமா என்றெல்லாம் தீர ஆராய்கிறார். அது மிகவும் சரியே. ஆனால் டிரெய்லருக்கு டயர் வாங்கும் நாள் வந்ததும் அந்த ஆராய்ச்சியெல்லாம் எங்கோ மறைந்துவிடுகிறது. “பெட்டிக்குத்தானே! ஏதேனும் ஒரு பழைய லாரி டயரைப் போட்டால் போதும்” என்ற எண்ணமே மேலோங்கி நிற்கிறது. இந்த எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதையும், டிரெய்லருக்கு ஏற்ற டயரைத் தேர்ந்தெடுக்கும் முறை யாது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் கண்ட ஒரு விபத்து

2019ஆம் ஆண்டு தை மாதக் கடைசியில், சம்பா அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம். நமது வட்டாரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 40 கிலோ நிறையுள்ள 90 நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஒரு டிரெய்லர் கொள்முதல் நிலையத்துக்குப் புறப்பட்டது. மூட்டைகளின் மேல் சுமை தூக்கும் தொழிலாளர் மூவர் அமர்ந்திருந்தனர். வேகம் அதிகமில்லை. வாய்க்கால் மதகுக்கு அருகே சாலை வளையும் இடத்தில் இடப்பக்கப் பின் டயர் பெருஞ்சத்தத்துடன் வெடித்தது. டிரெய்லர் ஒருபக்கமாகச் சாய்ந்தது, மூட்டைகள் சரிந்தன. இருவர் குதித்துத் தப்பினர். மூன்றாமவர் மூட்டைகளோடு விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்து, ஆறு மாத காலம் அவரால் எழுந்து நடமாட முடியவில்லை. அன்றாடக் கூலியை நம்பியிருந்த குடும்பம் அது. டிரெய்லரின் உரிமையாளரும் மருத்துவச் செலவு, வழக்கு, நனைந்துபோன நெல் என்று பலவாறாக நஷ்டப்பட்டார்.

மறுநாள் நாம் அவ்விடம் சென்று அந்த டயரைப் பார்த்தோம். உரிமையாளர் கண் கலங்கியவராய், “பட்டன் தேயவே இல்லையே, ஐயா! நல்ல டயர் என்றுதானே வாங்கினேன்” என்றார். அவர் கூறியது உண்மை. பட்டன் பெரும்பாலும் அப்படியே இருந்தது. ஆனால் டயரின் பக்கச் சுவரில் விரலால் தடவிப் பார்த்தபோது வறண்ட குளத்துத் தரை போல் எங்கும் வெடிப்பு. அங்கே ஓரிடத்தில் 1408 என்ற நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருந்தன. 2008ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் அந்த டயர் செய்யப்பட்டது என்பது அதன் பொருள். விபத்து நடந்த நாளில் அதற்கு வயது ஏறத்தாழப் பதினொன்று! இரண்டு ஆண்டுகளுக்கு முன் நகரத்துப் பழைய டயர்க் கடையில் அதை வாங்கியபோது, அந்த நான்கு இலக்கங்களைப் படிக்க அவருக்கு எவரும் சொல்லித் தரவில்லை.

பட்டன் தேயாதிருப்பது டயர் நன்றாக இருப்பதற்குச் சான்றாகாது. டிரெய்லர் டயரைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியவை இரண்டே. ஒன்று, அது தாங்கக்கூடிய சுமை. மற்றொன்று, அதன் வயது. பட்டன் அதற்குப் பின்னரே.

சுமையைத் தாங்குவது எது?

1887ஆம் ஆண்டில் அயர்லாந்திலுள்ள பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடுவதற்காகக் காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் சக்கரத்தில் பொருத்திப் பார்த்தார். மறு ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அன்று முதல் இன்று வரை டயரின் அடிப்படைத் தத்துவம் மாறவில்லை. சுமையைத் தாங்குவது ரப்பர் அன்று; உள்ளே அடைபட்டிருக்கும் காற்றேயாகும். அந்தக் காற்றைச் சிதறவிடாமல் இறுக்கிப் பிடித்திருக்கும் பாத்திரமே டயர். அப்பாத்திரத்துக்கு வலிமை அளிப்பவை ரப்பருக்குள் புதைந்திருக்கும் நைலான் நூல் அடுக்குகளோ எஃகுக் கம்பி அடுக்குகளோ ஆகும். வெளியில் தெரியும் பட்டன், சாலையைப் பற்றிக்கொள்வதற்கு மட்டுமே.

ஆதலால் காற்றுக் குறைந்தாலும், பாரம் மிகுந்தாலும், நூல் அடுக்குகளின் பிடி தளர்ந்தாலும் விளைவு ஒன்றே. சக்கரம் சுழலும் ஒவ்வொரு சுற்றிலும் பக்கச் சுவர் அளவுக்கு மீறி மடங்கி நிமிர்கிறது. ஓர் இரும்புக் கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்து நிமிர்த்தினால் அவ்விடம் சூடேறி முறிவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? டயரிலும் அவ்வாறே சூடு பிறக்கிறது. சூட்டினால் ரப்பர் நூலை விட்டுப் பிரிகிறது. முடிவில் டயர் வெடிக்கிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் தார்ச்சாலையின் சூடும் இத்துடன் சேர்ந்துகொள்கிறது.

முதலில் சுமையைக் கணக்கிடுக

டயர்க் கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே ஒரு கணக்குப் போட வேண்டும். நமது டிரெய்லரில் ஏறக்கூடிய மிகப் பெரிய பாரம் எவ்வளவு?

40 கிலோ நெல் மூட்டை 100 ஏற்றினால் 4,000 கிலோ. 5,000 லிட்டர் தண்ணீர் 5,000 கிலோ. தொட்டியின் எடை தனி. செங்கல் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 கிலோ என்றால் 1,000 செங்கல் 3,000 கிலோ. ஒரு யூனிட் மணல், அதாவது 100 கன அடி, நாலரை டன்னுக்குக் குறையாது. ஈரம் மிகுந்தால் ஐந்து டன்னையும் கடக்கும். வண்டல் மண்ணும் ஈரமாயிருந்தால் இதற்கு இளைத்ததன்று. டிரெய்லரின் சொந்த எடையைச் சேர்க்கப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அதைப் பதிவுச் சான்றிலோ, எடை மேடையில் காலியாக நிறுத்தியோ அறிந்துகொள்ளலாம்.

ஓர் உதாரணம் காண்போம். நான்கு சக்கர டிரெய்லரின் சொந்த எடை 1,500 கிலோ. ஏற்றும் பாரம் 4,500 கிலோ. மொத்தம் 6,000 கிலோ. நான்கால் வகுத்தால் ஒரு டயருக்கு 1,500 கிலோ. இத்துடன் நின்றுவிடலாகாது. பாரம் ஒருபோதும் நான்கு சக்கரங்களின் மேலும் சமமாக அமைவதில்லை. பள்ளத்தில் இறங்கும்போதும், வளைவில் திரும்பும்போதும் ஒரு சக்கரத்தின் மேல் கூடுதலாக விழும். ஆகையால் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்து, ஒவ்வொரு டயரும் 1,800 கிலோ தாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வது நலம்.

இரண்டு சக்கர டிரெய்லரில் பாரத்தின் ஒரு பகுதி டிராக்டரின் கொக்கியின் மேல் விழுவது உண்மைதான். எனினும் மூட்டைகளைப் பின்புறமாக அடுக்கிவிட்டால் அந்தப் பகுதி மிகவும் குறைந்துவிடும். எனவே முழு எடையும் இரண்டு டயர்களின் மேலேயே விழுவதாகக் கணக்கிடுவதே பாதுகாப்பு. சொந்த எடை 1,200 கிலோவும் பாரம் 3,000 கிலோவும் ஆனால், ஒரு டயருக்கு 2,100 கிலோ. இக்கணக்கில் தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு. தொட்டி பாதி நிறைந்திருந்தால் வளைவுகளில் நீர் ஒருபக்கமாகச் சாடி, அப்பக்கத்து டயரை நசுக்கும். தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் வைத்திருப்பது டயருக்கும் நல்லது, ஓட்டுநருக்கும் நல்லது.

டயரின் மேல் எழுதியிருப்பதைப் படிப்பது எப்படி?

டயரின் பக்கச் சுவரிலேயே அதன் வரலாறும் வலிமையும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. எழுத்துகள் கறுப்பின் மேல் கறுப்பாயிருப்பதால் கண்ணுக்கு எளிதில் புலப்படா. ஒரு சாக்குக் கட்டியை அதன்மேல் தேய்த்தால் பளிச்சென்று தெரியும். படிக்க வேண்டியவை வருமாறு:

அளவு: 9.00-16 என்று இருந்தால் டயரின் அகலம் ஏறத்தாழ 9 அங்குலம், அது பொருந்தும் டிஸ்கின் விட்டம் 16 அங்குலம் என்று பொருள். டிஸ்குக்கு உரிய அளவையே வாங்க வேண்டும். “கொஞ்சம் பெரிது, அடித்து ஏற்றிவிடலாம்” என்று கூறுவோரின் பேச்சைக் கேட்கலாகாது.

பிளை: 10, 14, 16 என்றவாறு குறிக்கப்பட்டிருக்கும். முற்காலத்தில் இது நூல் அடுக்குகளின் எண்ணிக்கையாக இருந்தது. இக்காலத்தில் உள்ளே அத்தனை அடுக்குகள் இருப்பதில்லை. இது வலிமையைக் குறிக்கும் ஓர் அளவே. ஒரே அளவுள்ள டயர் பல பிளைகளில் கிடைக்கும். பிளை உயர உயரத் தாங்கும் சுமையும் உயரும். விலை மலிவாயிருக்கிறதே என்று குறைந்த பிளை வாங்குவோர், மலிவாகக் கிடைத்தது டயரன்று, அதன் வலிமைக் குறைவே என்பதை உணர வேண்டும்.

சுமைக் குறியீட்டு எண்: பல டயர்களில் ஓர் எண்ணும், அதை அடுத்து ஆங்கில எழுத்தும் காணப்படும். எண் சுமையைக் காட்டுவது. 110 என்றால் 1,060 கிலோ. 120 என்றால் 1,400 கிலோ. 128 என்றால் 1,800 கிலோ. 134 என்றால் 2,120 கிலோ. 140 என்றால் 2,500 கிலோ. மேலே கூறிய நான்கு சக்கர டிரெய்லருக்கு 128க்குக் குறையாத டயரும், இரண்டு சக்கர டிரெய்லருக்கு 134க்குக் குறையாத டயரும் வேண்டும் என்பது இப்போது விளங்கும். சில டயர்களில் தாங்கும் எடை கிலோவிலேயே எழுதப்பட்டிருக்கும்.

வேகக் குறியீடு: எண்ணை அடுத்து வரும் எழுத்து, அந்தச் சுமையோடு எவ்வளவு வேகம் போகலாம் என்பதைக் காட்டுவது. ‘ஏ6’ என்றால் மணிக்கு 30 கிலோமீட்டர். ‘ஏ8’ என்றால் 40. ‘பி’ என்றால் 50. விவசாயப் பணிக்கென்றே செய்யப்பட்ட டயர்கள் பலவும் இத்தகைய குறைந்த வேகத்துக்கு உரியவை. இத்தகைய டயர் பூட்டிய டிரெய்லரை நிறை பாரத்தோடு புறவழிச் சாலையில் விரட்டிச் செல்வது, டயரை அடுப்பில் வைப்பதற்கு ஒப்பாகும்.

காற்றின் அளவு: எத்தனை பவுண்டு காற்று அடைக்கலாம் என்பதும் எழுதப்பட்டிருக்கும். இதைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை: புதிய டயரில் இந்த முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது அவசியம்.

நான்கு இலக்கங்கள்: டயர் செய்யப்பட்ட காலத்தைக் குறிப்பவை இவை. முதல் இரண்டு இலக்கங்கள் வாரம். அடுத்த இரண்டு ஆண்டு. 3121 என்றால் 2021ஆம் ஆண்டின் 31ஆவது வாரம், அதாவது ஆகஸ்டு மாதத் தொடக்கம். ஒரு பக்கத்தில் காணவில்லையென்றால் மறுபக்கத்தையும் தேடிப் பார்க்க வேண்டும்.

நின்றுகொண்டே மூப்படையும் டயர்

லாரியின் டயர் ஓடித் தேய்கிறது; டிரெய்லரின் டயர் நின்று கெடுகிறது. ஆண்டில் 60 நாள் வேலை செய்யும் டிரெய்லர், மீதி 300 நாளும் களத்து மேட்டிலோ வேப்ப மரத்தடியிலோ நிற்கிறது. பட்டன் தேய வழியில்லை. ஆனால் வெயிலும் காற்றும் சும்மா இருப்பதில்லை.

காற்றிலுள்ள பிராணவாயுவும், அதன் உறவான ஓசோனும், சூரிய ஒளியும் ரப்பரைச் சிறிது சிறிதாக இறுகச் செய்து வெடிப்பு உண்டாக்குகின்றன. இதைத் தடுப்பதற்காக டயர் செய்பவர்கள் ரப்பரோடு கரிப்பொடியையும் மெழுகு போன்ற பாதுகாப்புப் பொருள்களையும் கலக்கிறார்கள். டயர் ஓடி மடங்கி நிமிரும்போது அந்த மெழுகு உள்ளிருந்து மேற்பரப்புக்கு வந்து ஒரு மெல்லிய போர்வைபோல் மூடிக்கொள்கிறது. மாதக் கணக்கில் அசையாது நிற்கும் டயருக்கு அந்தப் போர்வை சரிவரக் கிடைப்பதில்லை. ஆகவே, ஓடாத டயர் புதிதாகவே இருக்கும் என்று கருதுவது தவறு. மேலும், பாரம் இறக்காமல் ஒரே இடத்தில் நின்றால், தரையில் அழுந்திய பகுதி தட்டையாகி அங்கே நூல்கள் நைந்துபோகும்.

டயருக்கு ஐந்து ஆண்டு கடந்துவிட்டால், அனுபவம் மிக்க ஒருவரிடம் ஆண்டுதோறும் காட்டிப் பரிசோதிக்க வேண்டும்; பத்து ஆண்டு கடந்துவிட்டால், எவ்வளவு அழகாகத் தோன்றினும் கழித்துவிட வேண்டும் என்பது டயர் உற்பத்தியாளர் பலர் கூறும் அறிவுரை. நம் நாட்டு வெயிலில் திறந்தவெளியில் நிற்கும் டிரெய்லருக்கு இந்தப் பத்து ஆண்டும் மிகுதியே. பக்கச் சுவரில் வெடிப்போ, நெல்லிக்காய் போன்ற புடைப்போ, நூல் தெரியும் வெட்டோ கண்டால் வயதைப் பார்க்கவே வேண்டுவதில்லை. அன்றே கழற்றிவிட வேண்டும்.

புதிய டயரை வாங்கும்போதும் நான்கு இலக்கங்களைப் பார்ப்பது நலம். கடையில் நெடுநாள் வெயிலில் அடுக்கிக் கிடந்த டயரைப் புதியது என்று தந்துவிடக் கூடும். ஓராண்டுக்கு உட்பட்டதாகக் கேட்டு வாங்குவது நமது உரிமை.

பழைய டயர் மலிவானதா?

“புதிய டயரின் விலை எங்களுக்குக் கட்டுமா?” என்று சிறு விவசாயிகள் கேட்பது நியாயமே. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புதிய டயரின் விலையை 100 பங்கு என்று கொள்வோம். எட்டு ஆண்டு உழைத்தால் ஆண்டுக்குப் பன்னிரண்டரைப் பங்கு ஆகிறது. பழைய டயர் 40 பங்குக்குக் கிடைத்து இரண்டே ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 20 பங்கு. எதற்குச் செலவு அதிகம்? வழியில் பஞ்சராகி அரைநாள் கூலியாட்கள் காத்துக் கிடக்கும் நஷ்டமும், விபத்தின் ஆபத்தும் இக்கணக்கில் சேரவில்லை.

அப்படியும் பழைய டயர்தான் வாங்க முடியும் என்ற நிலை இருந்தால், மூன்று நிபந்தனைகளைக் கைவிடலாகாது. நான்கு இலக்கங்கள் தெளிவாகத் தெரிய வேண்டும். அவை ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட வயதைக் காட்டலாகாது. டயரின் உட்புறத்தை விரித்துப் பார்த்து, ஒட்டுப் போட்ட பெரிய காயமோ நூல் அறுந்த இடமோ இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். சுமைக் கணக்குக்கு அது பொருந்த வேண்டும். இலக்கங்களைச் சுரண்டி அழித்த டயரை இனாமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

ரீசோல் செய்த டயரைப் பற்றியும் கேட்கிறார்கள். ரீசோல் செய்வது பட்டனை மட்டுமே புதுப்பிக்கும். உள்ளிருக்கும் கூட்டின் வயதைக் குறைக்காது. கூடு இளமையாகவும் காயமின்றியும் இருந்து, நல்ல பட்டறையில் செய்ததானால் பயன்படுத்தலாம். நைந்த கூட்டின் மேல் புதுப் பட்டன் ஒட்டுவது, செல்லரித்த கதவுக்கு வர்ணம் பூசுவது போன்றதே.

கார், ஜீப் முதலியவற்றின் டயரை அளவு பொருந்துகிறதே என்று டிரெய்லருக்குப் போடுவதும் தவறு. அவற்றின் பக்கச் சுவர் பயணத்தின் சுகத்துக்காக மெல்லியதாக அமைக்கப்பட்டது, பாரத்தில் நெளியும். ஒரே அச்சில் ஒருபுறம் ரேடியல் டயரும் மறுபுறம் நைலான் டயரும், அல்லது ஒருபுறம் புதியதும் மறுபுறம் மொட்டை டயரும் போட்டால், பாரம் சமமாகப் பகிரப்படாது. டிரெய்லர் ஒருபக்கம் இழுக்கும். ஓர் அச்சின் டயர்களை இணையாகவே மாற்றுவது முறை. புதிய டயருக்குப் பழைய டியூபையும் பழைய ஃபிளாப்பையும் போட்டுச் சிக்கனம் செய்ய வேண்டாம். நீண்டு விரிந்துபோன டியூப் உள்ளே மடிந்து, மடிப்பிலேயே கிழியும்.

கடற்கரை ஊர்களுக்குத் தனிக் கவனம்

கரையோர ஊராட்சிகளில் படகுகளைக் கரையேற்றவும், புயல் அறிவிப்பு வந்ததும் மேட்டுக்குக் கொண்டு செல்லவும் டிராக்டரும் டிரெய்லரும் பயன்படுகின்றன. இங்கே டயருக்குச் சமமாக டிஸ்கையும் கவனிக்க வேண்டும். உப்பு நீர் இரும்பு டிஸ்கின் விளிம்பை அரித்துச் செதில் செதிலாக்கும். அச்செதில் டியூபை அறுக்கும். ஓடிச் சூடேறிய சக்கரத்தை அப்படியே கடல் நீரில் இறக்கினால், உள்ளே சூடான காற்று சட்டென்று சுருங்கி, உப்பு நீரைப் பேரிங்குக்குள் உறிஞ்சிக்கொள்ளும். ஆகையால் சக்கரம் ஆறிய பின்னரே நீரில் இறக்க வேண்டும். வேலை முடிந்ததும் டிஸ்க், நட்டு, வால்வு முதலியவற்றை நன்னீரால் கழுவ வேண்டும். துருவைத் தேய்த்து அகற்றி வர்ணம் பூசுவதும், பேரிங்குக்குக் கிரீஸ் மாற்றுவதும் தவறாது நடைபெற வேண்டும். புயல் வரும் நாளில் படகை ஏற்றிக்கொண்டு ஓட வேண்டிய டிரெய்லர், அன்றைக்குத்தான் டயரைச் சோதிக்க வேண்டும் என்ற நிலையில் இருத்தல் ஆகாது.

காற்றும் பராமரிப்பும்

டிராக்டரின் பெரிய பின் சக்கரத்துக்கு வேண்டிய காற்று குறைவு. பெரும்பாலும் 20 பவுண்டுக்கு உட்பட்டதே. டிரெய்லரின் சிறிய டயருக்கு அதைப்போல் பன்மடங்கு வேண்டும். இரண்டுக்கும் ஒரே அளவு காற்று அடைப்பதும், சக்கரத்தைக் காலால் உதைத்துப் பார்த்து “போதும்” என்பதும் நம்மிடையே உள்ள பழக்கம். காற்று அளவுமானி ஒன்றைச் சொந்தமாக வாங்கி வைத்துக்கொண்டு, வேலைக் காலத்தில் வாரம் ஒருமுறை பார்ப்பது நன்று. காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயர் கூடுதலான அளவைக் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிட்டால், ஆறியபின் குறைவாகப் போய்விடும்.

பட்டன் தேயும் விதமும் நமக்குச் செய்தி சொல்லும். இரு ஓரங்களும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று மிகுதி. ஒரே ஓரம் தேய்ந்தால் அச்சு வளைந்திருக்கிறது. பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் டயரை மாற்றியே தீர வேண்டும்.

பூட்டு வளையம் உள்ள டிஸ்கில் காற்று அடைக்கும்போது மிகுந்த எச்சரிக்கை தேவை. வளையம் சரியாகப் பொருந்தாவிட்டால், காற்று ஏறியதும் அது குண்டுபோல் தெறித்து உயிரையே பறிக்கும். இரும்புக் கூண்டுக்குள் வைத்தோ, சங்கிலியால் கட்டியோ அடைக்க வேண்டும். எவரும் வளையத்துக்கு நேர் எதிரே நிற்கலாகாது. சிறுவர்களை அருகில் விடவே கூடாது.

வேலை முடிந்து டிரெய்லரை நிறுத்தும் காலத்தில் பாரத்தை முழுவதும் இறக்கி, ஜாக்கியால் தூக்கி, அச்சுக்குக் கீழே மரக்கட்டை கொடுத்து, டயர் தரையில் படாமல் வைப்பது உத்தமம். நிழலில் நிறுத்திச் சாக்கினால் மூடுவது அதனினும் நன்று. டீசலோ எண்ணெயோ பட்டால் ரப்பர் ஊறி உப்பிக் கெடும். உடனே சோப்பு நீரால் கழுவிவிட வேண்டும். ஸ்டெப்னி டயருக்கும் வயது உண்டு என்பதை மறக்கலாகாது.

ஊராட்சிகள் செய்ய வேண்டுவன

ஊராட்சி டிரெய்லருக்கு டயர் வாங்கும்போது, “டயர் 4” என்று மட்டும் எழுதி விலைப்புள்ளி கேட்பதே பெரும்பாலும் வழக்கமாயிருக்கிறது. அவ்வாறு கேட்டால் மிக மலிவான டயரின் விலையே வரும். அதையே ஏற்கவும் நேரும். ஆகையால் தீர்மானத்திலும் விலைப்புள்ளிக் கோரிக்கையிலும் அளவு, பிளை, ஒரு டயர் தாங்க வேண்டிய எடை, ஐ.எஸ்.ஐ. முத்திரை, ஓராண்டுக்கு உட்பட்ட தயாரிப்பு வாரம், புதிய டியூப், ஃபிளாப் ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். அப்போதுதான் ஒரே தரமுள்ள பொருள்களின் விலையை ஒப்பிட முடியும். பொருள் வந்து சேர்ந்ததும், பட்டியலில் கையொப்பம் இடுமுன் நான்கு இலக்கங்களையும் படித்துப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். பொருத்திய நாள், பஞ்சர் ஒட்டிய நாள், கழித்த நாள் இவற்றுக்கும் அதே பதிவேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும்.

மற்றொன்றும் கூற வேண்டும். டிரெய்லர் பாரத்துக்கு உரியது; ஆட்களுக்கு உரியதன்று. நடவுக்கும் அறுவடைக்கும் பெண்களையும், திருவிழாவுக்குக் குழந்தைகளையும் அதில் ஏற்றிச் செல்வது சட்டத்துக்கும் புறம்பு, அறத்துக்கும் புறம்பு. எவ்வளவு நல்ல டயர் போட்டிருந்தாலும் இதற்கு விலக்கு இல்லை. ஊராட்சி உறுப்பினர்கள் இதைக் கிராம சபையில் எடுத்துரைத்தல் வேண்டும்.

நிறைவாக, விவசாய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் ஆண்டும் மார்கழியில், சம்பா அறுவடை தொடங்குமுன், ஒரு நாள் காலையில் ஒரு சாக்குக் கட்டியையும் காற்று அளவுமானியையும் எடுத்துக்கொண்டு தமது டிரெய்லரை ஒருமுறை சுற்றி வருவார்களாக. நான்கு இலக்கங்களைப் படித்து, பக்கச் சுவரை விரலால் தடவி, காற்றை அளந்து பார்க்க அரைமணி நேரமே பிடிக்கும். நமது வட்டாரத்தில் 2019ஆம் ஆண்டு விபத்துக்குப் பின் நாம் சென்ற ஊர்களிலெல்லாம் இதைச் செய்து காட்டியிருக்கிறோம். இடுப்பு முறிந்த அந்தத் தொழிலாளர் இன்று நடமாடுகிறார். ஆனால் மூட்டை தூக்க அவரால் இயலவில்லை. அந்த அரைமணி நேரம் அன்று செலவிடப்பட்டிருந்தால், இன்றும் அவர் தம் தொழிலைச் செய்துகொண்டிருப்பார்.